நாற்பது டிகிரிக்குக் கீழே

கண் டாக்டர் அன்று சொன்னது மூன்றே விஷயம். வலது கண் போய்விட்டது, இனி அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இடது கண்ணில் நடுவே மட்டும் ஒரு சிறிய வட்டம் மிச்சமிருக்கிறது. பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவதை எல்லாம் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள்.

இது ஜனவரியில். என் மனைவிக்குக் கண்ணில் பிரஷர். ஒன்பது வருடமாக நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து. நான்தான் போட்டுவிடுவேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை, என்னிடம் கணக்கு இருக்கிறது. அப்படியிருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்ற எரிச்சலில், இன்னும் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகவும் போகலாம், ஒரே நாளிலும் போகலாம் என்றார். மாதக் கணக்கா, வருடக் கணக்கா, உத்தேசமாகச் சொல்லுங்கள் என்று விடாமல் கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இவரை எப்படிம்மா சமாளிக்கிறீங்க?"

"நாப்பத்தாறு வருஷப் பழக்கம் டாக்டர்," என்றாள்.

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போதே அவள் பட்டியல் போட்டுவிட்டாள். நான்கே நான்கு. தங்கவயலில் இருக்கும் தங்கையின் முகம். கப்பன் பார்க்கில் இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் மரங்கள். அல்சூரில் அவள் பிறந்து வளர்ந்த வீடு. இப்போது அது டைல்ஸ் கடை. நான்காவது, ஆகாயத்தில் பூமியைச் சுற்றிவரும் விண்வெளி நிலையம்.

முதல் மூன்றும் மூன்று வாரத்தில் முடிந்தன. தங்கை ரயிலேறி வந்து நான்கு நாள் இருந்தாள். மரங்களை இரண்டு தடவை பார்த்தோம். டைல்ஸ் கடையில் அவள் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டு நகரவில்லை. கடைக்காரர் வந்து குளியலறைக்கா, சமையலறைக்கா என்று கேட்டார். சமையலறைக்கு என்றாள். அவள் நின்ற இடம்தான் அவர்கள் வீட்டுச் சமையலறையாக இருந்தது.

நான்காவது என் பொறுப்பில் வந்தது. அதுதான் நடக்கவில்லை.

அந்த நிலையத்தின் பைத்தியம் அவளுக்கு எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்ணால் பிடித்தது. ஹுப்ளிக்காரி, வைட்ஃபீல்டில் வேலை. இருட்டு விலகுமுன்பே ஆபீஸ் வண்டிக்காக கேட்டருகே வந்து நிற்பாள். பால் பாக்கெட் எடுக்கப் போகும் என் மனைவியோடு கன்னடத்தில் ஐந்து நிமிடம் பேச்சு நடக்கும். போன டிசம்பரில் ஒரு நாள் அந்தப் பெண் "நோடி ஆன்ட்டி, நோடி" என்று வானத்தைக் காட்டியிருக்கிறாள். பார் பார் என்றால் இவள் எங்கே பார்ப்பாள்? கண்ணைத் திருப்பி இடத்தைப் பிடிப்பதற்குள் அது போய்விட்டது. அது நட்சத்திரமும் இல்லை, பிளேனும் இல்லை, உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண் விளக்கியிருக்கிறாள். சில சமயம் ஏழு பேர், சில சமயம் பத்துப் பேர்.

என் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். அதில் முதல் பதினான்கு வருடம் டிரங்க் போர்டில். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ஆபரேட்டர் இணைப்புக் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. அவள் முன்னாலிருந்த பலகையில் சின்னச் சின்ன விளக்குகள் வரிசையாக இருக்கும். ஒன்று எரிந்தால் அந்தப் பக்கம் ஓர் ஆள் காத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஆளின் முகத்தை இவள் ஒரு நாளும் பார்க்கப் போவதில்லை. எதற்காக இந்த நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது அவள் சொன்னது இதுதான்:

"நட்சத்திரத்துல யாரும் இல்லைங்க. பிளேன்ல இருக்கறவங்க இறங்கி வீட்டுக்குப் போயிடுவாங்க. இதுல இருக்கறவங்க அங்கயே சாப்பிட்டு அங்கயே தூங்கறாங்களாமே. ஆள் இருக்கற ஒரு விளக்கைக் கடைசியா பாத்துக்கறேன்."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் எதையும் ஆசைப்பட்டுக் கேட்பவளும் இல்லை. ஆகவே இதை நான் முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

முறை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தேன். கையில் இரண்டு முனையுள்ள ஒரு கேஜ். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. மாறி நடந்தால் அந்த உருப்படி சிவப்பு டப்பாவுக்குப் போகும். கொஞ்சம்தான் குறை, பரவாயில்லை, விட்டுவிடலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நான் விட்டதில்லை. அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

நிலையம் நம் ஊருக்கு மேல் எப்போது வரும் என்ற பட்டியல் போனில் கிடைக்கிறது. பத்து நாளைக்கு ஒரு பட்டியல். நேரம், எந்தத் திசையில் தோன்றும், எவ்வளவு உயரம் ஏறும் என்பதெல்லாம் இருக்கும். உயரத்தை டிகிரியில் போட்டிருப்பார்கள். அடிவானம் பூஜ்யம், தலைக்கு நேர் மேலே தொண்ணூறு. ஒரு நீள நோட்டில் கோடு போட்டு அதையெல்லாம் எழுதிக்கொண்டேன். முதல் நாளே ஒரு வரம்பும் வைத்தேன். நாற்பது டிகிரிக்குக் கீழே வருவது எதுவும் வேண்டாம்.

காரணங்கள் என்னிடம் இருந்தன. தாழ்வாகப் போவது தூரத்தில் போகிறது, வெளிச்சம் குறைவு. ஊரின் தூசியும் புகையும் கீழேதான் கிடக்கின்றன. மொட்டை மாடிக்கு முப்பத்தேழு படி. கால் வைக்கும் இடம் தெரியாத ஒருத்தியை மங்கலான ஒரு புள்ளிக்காக ஏற்றி இறக்க முடியாது. இதையெல்லாம் விட ஒரு பயம் இருந்தது. ஏதோ மங்கலாகப் பார்த்துவிட்டு, சரி பாத்தாச்சு என்று அவள் நான்காவதையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள்தான். கடையில் மூன்றாவது புடவைக்கு மேல் விரிக்கச் சொல்ல மாட்டாள்.

பிப்ரவரியில் முதலாவது வந்தது. இருபத்திரண்டு டிகிரி, வடக்கு வானத்தில். சாயங்காலம் அவள் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கை பார்த்து உரிக்கும், கண் தேவையில்லை.

"இன்னைக்கு ஏதாவது வருதா?" என்றாள்.

"வருது. இருபத்திரண்டுதான்."

"இருபத்திரண்டுன்னா பாக்க முடியாதா?"

"முடியும். ஆனா தரம் கிடையாது."

அவள் சிரித்தாள். "பெயிலாக்கிட்டீங்களா? சரி."

நோட்டில் அந்த வரிக்கு நேரே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். இரண்டு நாள் கழித்து முப்பத்தொன்று. அதுவும் கூடாது. அடுத்தது பதினேழு. அன்று மாடி வீட்டுப் பெண் சீக்கிரம் வந்துவிட்டிருந்தாள். மேலேயிருந்து ஆன்ட்டி, வருகிறீர்களா என்று கூப்பிட்டாள். என் மனைவி எழுந்து செருப்பைக் காலால் தேடத் தொடங்கினாள். நான்தான் தடுத்தேன். பதினேழு டிகிரி என்றால் தென்னை மரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான், பனியில் நிற்பதுதான் மிச்சம் என்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். மேலே பார்த்து, அங்கிள் வேண்டாம் என்கிறார் என்று கன்னடத்தில் பதில் சொன்னாள். மார்ச்சில் இருபத்தெட்டும் முப்பத்தாறும் வந்தன. முப்பத்தாறுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தேன். நாற்பதுக்கு நான்கு குறைவு. பழைய புத்தி விடவில்லை, அதற்கும் சிவப்பு.

இதற்கு நடுவே அவள் பார்வையையும் அளந்து வந்தேன். சுவரிலிருந்து சரியாக இரண்டு மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு அவளை உட்காரவைப்பேன். காலண்டரின் நடுவே ஒரு புள்ளியை அசையாமல் பார்க்கச் சொல்லி, வெள்ளைச் சாக்கட்டியைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போவேன். எந்த இடத்தில் சாக்கட்டி மறைகிறது என்று அவள் சொல்ல வேண்டும். ஜனவரியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அறுபத்தொரு சென்டிமீட்டர். பிப்ரவரியில் ஐம்பத்து நான்கு. மார்ச்சில் நாற்பது. ஏப்ரல் தொடக்கத்தில் இருபத்தாறு. அந்த ஜன்னல் வழியாகத்தான் அவள் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரலில் அளந்து முடித்ததும், இனிமேல் இந்த இன்ஸ்பெக்‌ஷன் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எண்ணைச் சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லையாம்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் பட்டியலில் எழுபத்து நான்கு டிகிரி வந்தது. மாலை ஏழு நாற்பத்தாறு. கிட்டத்தட்டத் தலைக்கு மேல். அதைவிட நல்லது அந்த வருடத்தில் கிடைக்காது என்று தோன்றியது. ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். ஈஸி சேரை நானும் மாடி வீட்டுப் பெண்ணுமாக மொட்டை மாடிக்கு ஏற்றினோம். மனைவியைச் சாய்த்து உட்காரவைத்து, நான் பின்னால் நின்று அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புவது என்று ஏற்பாடு. ஒத்திகைக்குப் பிளேன்கள் இருந்தன. வடக்கே விமான நிலையத்துக்கு இறங்கும் பிளேன்கள் ஒவ்வொன்றாக விளக்கை மினுக்கிக்கொண்டு தாழ்வாக, மெதுவாகப் போகும். அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் பிடித்துக்கொள்வாள். பிறகு தானாகவே தொடர்ந்து பார்ப்பாள். ஆறு நாளில் பதினோரு பிளேன். ஒன்பதைக் கடைசிவரை தொடர்ந்தாள். சின்னப் பெண் மாதிரி சந்தோஷம் அவளுக்கு. நோட்டில் "ஒத்திகை திருப்தி" என்று எழுதினேன்.

அன்றைக்கு முந்தின நாள் மழை பெய்து வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. ஏழரைக்கே மேலே போய்விட்டோம். மேற்கே எங்களை ஒட்டி ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அது பாதி வானத்தை மறைக்கும். ஆகவே நிலையம் அந்தக் கட்டடத்துக்கு மேலே தலைகாட்டும்போதுதான் நமக்குத் தெரியும்; உச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பூமியின் நிழலில் நுழைந்து அணைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே நூறு நொடி என்று கணக்குப் போட்டிருந்தேன். நூறு நொடி தாராளம் என்று நினைத்தேன்.

சொன்ன நேரத்துக்கு வந்தது. கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, மினுக்காமல், வெள்ளையாக, நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியதாக. தலையைத் திருப்பி, "இதோ, நேரா," என்றேன்.

"எங்கே?"

"நேராப் பாரு. நேரா."

"வரலைங்க."

அதற்குள் அது மேலே ஏறிவிட்டது. தலையை மேலே சாய்த்தேன். சாய்ப்பதற்குள் இன்னும் மேலே போயிருந்தது. நான் வானத்தைப் பார்த்துவிட்டு அவள் நெற்றியைப் பார்ப்பேன், அவள் கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன், மறுபடி வானத்தைப் பார்க்கும்போது அது அந்த இடத்தில் இருக்காது. ஒரு தடவை ஏதோ கோடு மாதிரி போச்சு என்றாள். ஆமாம் அதுதான், அதை விடாதே என்றேன். விட்டுவிட்டேன் என்றாள். என் குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே தெரிந்தது. இத்தனை பெரிசா தெரியுது, ஒத்திகையில பாத்தியே, இப்ப என்ன வந்தது உனக்கு என்று கத்தினேன். அவள் தாடையை என் விரல்கள் அழுத்திக்கொண்டிருந்தன. மறுநாள் காலையில் அங்கே மூன்று சிவப்புத் தடம் பார்த்தேன்.

நூற்று இரண்டாவது நொடியில் அது மங்கி அணைந்தது. மாடி வீட்டுப் பெண் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

என் மனைவி, "நீங்களாவது நல்லா பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

பார்த்தேன் என்றேன். எப்படியிருந்தது என்று கேட்டாள். வெள்ளையாக இருந்தது என்றேன். அவள், "உங்களுக்குத்தான் கஷ்டம். ஒரு வாரமா சேரைத் தூக்கி, பாவம்," என்றாள். பிறகு முப்பத்தேழு படியும் நான் முன்னால், அவள் என் தோளில் கை வைத்துப் பின்னால். ஒன்றிரண்டு என்று எப்போதும் வாய்விட்டு எண்ணுவேன். அன்று எண்ணவில்லை. அவளே எண்ணிக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் தங்கையிடம் போனில் அவள் பேசியது என் காதில் விழுந்தது. "அவர் எவ்வளவோ பாடுபட்டாருடி. என் கண்ணுதான் கூட ஓடல."

நான் வரம்பை எடுத்துவிட்டேன். பத்து டிகிரி வந்தாலும் பார்ப்பது என்று முடிவு. ஆனால் அதற்குள் மே வந்துவிட்டது. மே மாதத்துச் சாயங்காலங்கள் இந்த ஊரில் யாருக்கும் சொந்தமில்லை. மூன்று மணிவரை வெயில் எரிக்கும், ஐந்து மணிக்கு மேகம் கட்டிவிடும். நான்கு தடவை மேலே போய் நின்றோம். நான்கு தடவையும் மேகம். நான்காவது தடவை மழையில் நனைந்து இறங்கினோம். அவளுக்குச் சளி பிடித்தது. என்மீது கோபப்படவும் அவளுக்குத் தெரியவில்லை.

ஜூனில் ஒரு நாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் காபி கொண்டுவந்து ஊற்றினாள். டபராவில் அல்ல, டபராவுக்குப் பக்கத்தில் மேஜைமேல் ஊற்றியிருந்தாள். மேஜை விளிம்பிலிருந்து காபி என் வேட்டியில் சொட்டியது. என்ன இது என்று எரிந்து விழுந்தேன். துணி கொண்டுவந்து துடைத்தாள். துடைக்கும் இடமும் தவறாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"காலையில எழுந்ததுலேருந்து," என்றாள். "நீங்க பேப்பர் படிச்சு முடிக்கட்டும்னு இருந்தேன்."

டாக்டரிடம் ஓடினோம். அவர் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை. புதிதாக எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசியில்தான் மழை விட்டது. போனில் பட்டியல் வந்துகொண்டேயிருந்தது. நானும் நோட்டில் எழுதிக்கொண்டேயிருந்தேன். ஒரு நாள் மாலை எழுபது டிகிரி வந்தது. தனியாக மேலே போனேன். கையை நீட்டி முஷ்டியை மூடினால் அது வானத்தில் ஏறக்குறைய பத்து டிகிரியை மறைக்கும். நிலையம் என் முஷ்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக எத்தனை நொடி என்று எண்ணினேன். பத்து. உச்சியில் போகும்போது எதையும் எண்ணாமல் என்னால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். வேறு நோக்கம் இல்லை.

மூன்று நாள் கழித்து இருபத்து மூன்று டிகிரி. இதைத்தானே ஒதுக்கினோம், எப்படித்தான் இருக்கும், பார்க்கலாம் என்று போனேன். வடமேற்கில் தென்னைக்கு மேலே தோன்றியது. கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் அந்தப் பக்கத்து நட்சத்திரங்கள் எல்லாவற்றையும்விடப் பிரகாசம். அது அவசரமேயில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இறங்கும் பிளேன் போவது போல. முஷ்டியை நீட்டினேன். பத்து எண்ணினேன், அது பாதி தாண்டவில்லை. இருபத்து மூன்றாவது நொடியில்தான் மறுபக்கம் வந்தது.

அங்கேயே எங்கள் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். மிக எளிய கணக்கு. பள்ளிக்கூடத்தில் படித்தது. பக்கத்தில் போகும் பஸ் விர்ரென்று போகும். அதே வேகத்தில் தூரத்து ரோட்டில் போகும் பஸ் நகர்வதே தெரியாது. தலைக்கு மேல் வரும்போது நிலையம் நமக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறது, அதனால்தான் அத்தனை வெளிச்சம், அதனால்தான் அத்தனை ஓட்டம். தாழ்வாகப் போவது தூரத்தில் போகிறது, மங்கலாக, மெதுவாக. ஏப்ரலில் அவளுடைய ஜன்னலை அது ஏழு நொடியில் தாண்டியிருக்கிறது. பிப்ரவரியில் வந்த இருபத்திரண்டை அவளுக்குக் காட்டியிருந்தால், அப்போது ஜன்னலும் பெரிது, ஓட்டமும் பாதிக்குக் கீழே. தலையை அசைக்காமலே முப்பத்தாறு நொடி பார்த்திருப்பாள். தலையைத் தானாகத் திருப்பிக்கொண்டு கடைசிவரை தொடர்ந்திருப்பாள், அந்த ஒன்பது பிளேனைத் தொடர்ந்த மாதிரி. எனக்கு வேண்டியதை நான் பொறுக்கியிருக்கிறேன். அவள் கண்ணுக்கு வேண்டியதைச் சிவப்பு டப்பாவில் போட்டிருக்கிறேன்.

ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தேன். சொல்வதால் என்ன ஆகப் போகிறது என்று ஒரு மனம். தன் கண்மீது அவள் பழி போட்டுக்கொண்டிருக்கிறாளே, அது பொய்யாயிற்றே என்று இன்னொரு மனம். பத்தாவது நாள் சாயங்காலம் அவள் கூடத்தில் ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். பஸ் உதாரணம் உட்பட எல்லாம் சொன்னேன்.

முடிந்ததும், "மொத்தம் எத்தனை வந்துச்சு?" என்று கேட்டாள்.

"அஞ்சு."

"என்னைக்கெல்லாம்?"

நோட்டை எடுத்து வாசித்தேன். முதலாவது அவரைக்காய் உரித்த அன்று என்று அவளே சொன்னாள். இரண்டாவது அன்று தங்கை ஊருக்குப் போய்ச் சேர்ந்து போன் செய்தாள். மூன்றாவது, மாடிப் பெண் கூப்பிட்டது. நான்காவது லெந்து காலத்துப் புதன்கிழமை ஆராதனை. சர்ச்சிலிருந்து வெளியே வந்த நேரம். ஐந்தாவதின் தேதியைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"அன்னைக்குக் கரண்ட் போயிடுச்சு இல்ல? தெருவே இருட்டா இருந்துச்சே. வாசப்படியில உக்காந்திருந்தோம்."

ஆமாம் என்றேன். டிரான்ஸ்பார்மர் வெடித்து ஒன்றே கால் மணி நேரம் கரண்ட் இல்லை.

"சும்மாதான உக்காந்திருந்தோம்," என்றாள். பிறகு, "அது எந்தப் பக்கமாப் போச்சு?"

எங்கள் வாசற்படி வடக்குப் பார்த்தது. அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

"எதிர்லதான்," என்றேன்.

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. கை மட்டும் புடவைத் தலைப்பை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இதை நீங்க எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம். கண்ணு போனதுக்கு அப்புறம் நான் ஒரு மாதிரி மனசை ஆத்தி வெச்சிருந்தேன். எனக்குக் குடுத்து வெக்கலன்னு. இப்ப அதையும் எடுத்துட்டீங்க."

எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். அன்றைக்கு எட்டு மணிச் சொட்டு மருந்தைப் போட நான் போகவில்லை. இனி அதில் பயன் இல்லையென்றாலும், வலி வராமலிருக்கப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து அவளே கூப்பிட்டாள். போய்ப் போட்டுவிட்டேன். இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொரு சொட்டு.

கிறிஸ்மஸுக்குத் தங்கை வந்தாள். அக்காவின் கையைப் பிடித்தபடி ஊர்க் கதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். என்னைச் சீண்டுவதில் அவளுக்கு நாற்பத்தாறு வருட உரிமை.

"என்ன மாமா, அத்தனை நோட்டு, அத்தனை கணக்கு. கடைசியில எங்க அக்காவுக்கு அதைக் காட்டாமயே விட்டுட்டீங்களே?"

தட்டில் கேக் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் திறந்தேன்.

"அவர் காட்டாம என்னடி," என்றாள் என் மனைவி. "தலைக்கு மேலயே கொண்டுவந்து காட்டினாரு. என் கண்ணுதான் கூட ஓடல."

முகத்தை என் பக்கம் திருப்பியிருந்தாள். குரல் வரும் இடத்தை வைத்துத்தான் இப்போது ஆளைக் கண்டுபிடிக்கிறாள். நான் எதுவும் பேசாததால் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி, ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருக்கிறேனா என்று அவள் காத்திருப்பது தெரிந்தது.

"ஆமா," என்றேன். "ரொம்ப வேகமாப் போயிடுச்சு."

அவள் முகம் சரியாக என்னிடம் வந்து நின்றது. தங்கை கேக்கைப் பற்றி ஏதோ கேட்டாள், முந்திரி குறைவென்று. இருவரும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.